பூட்டிய ஆலயம்

(மருத்துவமனையை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்குகிறவர்களின் ஆண்டுக் கூடுகையில், செவிலியர் கண்காணிப்பாளர் பேசியது)



ஆண்டறிக்கையைச் செயலர் ஐயா வாசித்துவிட்டார்கள். ஆகவே நான் கணக்கு எதுவும் சொல்லப்போவதில்லை. ஒரு சேகர ஆலயத்தின் சரித்திரத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் டார்பிஷயர் என்னும் மலைப்பாங்கான பகுதியில் 'ஈம்' என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்குள்ள பரிசுத்த லாரன்ஸ் ஆலயம் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தது. ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு கற்சிலுவை இன்றும் அதன் முற்றத்தில் நிற்கிறது. ஆனால் அந்த ஆலயத்தின் பெயர் உலகத்துக்குத் தெரியவந்தது அதன் பழமையினால் அல்ல. ஒரு கோடைகாலத்தில் அதைப் பூட்டி வைத்ததினால்தான்.

1665இல் லண்டன் நகரத்தில் பிளேக் நோய் ஜனங்களை வாரிக்கொண்டு போயிற்று. அந்த வருஷம் ஈம் கிராமத்துத் தையற்காரர் ஒருவர் வீட்டுக்கு லண்டனிலிருந்து துணிப் பொதி வந்தது. ஈரமாயிருந்த துணியை, அங்கே வேலை செய்த ஜார்ஜ் விக்கர்ஸ் என்பவர் நெருப்பின் அருகே விரித்து உலர்த்தினாராம். துணியோடு தெள்ளுப்பூச்சிகளும் வந்திருந்தன. செப்டம்பர் 7ஆம் தேதி அவரை அடக்கம் செய்தார்கள். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. குளிர்காலத்தில் சற்றுத் தணிந்த நோய், 1666 கோடையில் மறுபடி மூண்டது.

குருவானவர் வில்லியம் மாம்பெசன் முப்பது வயதுகூட நிரம்பாதவர், ஊருக்குப் புதியவர். அவருக்கு முன்பு ஊழியம் செய்த தாமஸ் ஸ்டான்லி, 1662ஆம் வருஷத்துச் சட்டத்துக்கு உடன்பட மறுத்ததால் பதவி இழந்தவர். அவரும் அதே ஊரில்தான் இருந்தார். ஜனங்களுக்கு அவர்மேல்தான் பிரியம். பழைய ஐயரும் புதிய ஐயரும் ஒரே ஊரில் இருந்தால் சேகரம் என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை! ஆனாலும் அந்த இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி, ஜனங்களுக்கு முன்பாக ஒன்றாக நின்றார்கள்.

அவர்கள் ஜனங்களைக் கேட்டுக்கொண்டது இதுதான். ஊரைவிட்டு ஒருவரும் போகவேண்டாம். வெளியிலிருந்து ஒருவரும் வரவும் வேண்டாம். மரித்தவர்களை ஆலயத் தோட்டத்துக்குக் கொண்டுவராமல், அவரவர் நிலத்திலேயே அடக்கம் செய்யவேண்டும். ஆலயத்துக்குள் நெருங்கி உட்காருவதும் வேண்டாம். ஆலயத்தைப் பூட்டிவிட்டு, கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில் திறந்த வெளியில் குடும்பம் குடும்பமாக விலகி நின்று ஆராதித்தார்கள். கிருமி என்ற ஒன்றையே அறியாத காலம் அது.

அப்படியானால் சாப்பாட்டுக்கு என்ன வழி? காணிக்கை கொடுக்கிற நீங்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஊர் எல்லையில் ஒரு கல் உண்டு. அதில் ஆறு குழிகள். குழிகளில் காடியை ஊற்றி, அதற்குள் காசைப் போட்டுவிட்டுப் போவார்கள். பக்கத்து ஊரார் வந்து ரொட்டியையும் மற்றவைகளையும் வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொள்ளுவார்கள். ஊருக்கு மேற்புறத்தில் ஒரு ஊற்றண்டையிலும் அப்படியே நடந்தது. சாட்ஸ்வொர்த் மாளிகையில் இருந்த டெவன்ஷயர் பிரபு தம்முடைய செலவில் உணவும் மருந்தும் அனுப்பினார். வைத்தவன் ஒருவன், எடுத்தவன் ஒருவன், முகம் பார்த்ததில்லை. 2020இல் நம்முடைய மருத்துவமனை வாசலில் வரிசையாக இருந்த சாப்பாட்டு டப்பாக்களை நினைத்துக்கொள்ளுகிறேன். பெயர் எழுதி ஒட்டியிருக்கும். வைத்தவர்கள் தூரத்தில் நின்று கையசைப்பார்கள்.

எலிசபெத் ஹன்காக் என்னும் தாய் அந்த ஆகஸ்டு மாதத்தில் எட்டு நாளைக்குள் தன் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் இழந்தாள். தானே குழி வெட்டி, தானே இழுத்துக்கொண்டுபோய் அடக்கம் செய்தாள். அந்தக் கல்லறைகள் வயல்வெளியில் ஒரு சுற்றுச்சுவருக்குள் இன்றும் இருக்கின்றன. குருவானவரின் மனைவி கேத்தரீன், தன் இரண்டு பிள்ளைகளையும் வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் கணவரோடே தங்கினாள். ஆகஸ்டு 25ஆம் தேதி அவளும் மரித்தாள்.

இந்த இடத்தில் ஒரு காரியத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டும். குருவானவரின் பிள்ளைகள் வெளியே போனார்கள். ஹன்காக் வீட்டுப் பிள்ளைகள் போகவில்லை. வசதியுள்ளவர்கள் சிலர் முன்னதாகவே புறப்பட்டுவிட்டார்கள். மீதியானவர்கள் எல்லாரும் மனமுவந்தே தங்கினார்களா, போக இடமில்லாமல் தங்கினார்களா? பிற்காலத்தார் இந்தக் கதைக்கு நிறையவே மெருகேற்றினார்கள் என்று சரித்திர ஆசிரியர்களில் சிலர் சொல்லுகிறார்கள். இருக்கலாம். தனி வார்டின் கதவை வெளியிலிருந்து சாத்தியவள் நான். உள்ளே இருந்தவர்களிடம் சம்மதம் கேட்டுச் சாத்தினேனா என்று இரவில் யோசித்ததுண்டு. அதற்கு இன்னும் எனக்குப் பதில் இல்லை.

1666 நவம்பர் முதல் தேதியோடு மரணங்கள் நின்றன. சுமார் 260 பேர் மாண்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கணக்கு. ஆனால் சுற்றுவட்டார ஊர்களுக்குள் நோய் பரவவில்லை. பெயர்கள் எழுதிய பதிவேடு ஆலயத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. வருஷந்தோறும் ஆகஸ்டு கடைசி ஞாயிற்றுக்கிழமையை 'பிளேக் ஞாயிறு' என்று அனுசரித்து, சபையார் ஆலயத்திலிருந்து பவனியாக அதே பள்ளத்தாக்குக்குப் போய் ஆராதிப்பது வழக்கம். கேத்தரீனின் கல்லறை ஆலய முற்றத்திலேயே, அந்தப் பழைய சிலுவைக்கு அருகில் இருக்கிறது.

மாம்பெசன் ஐயருக்குப் பிறகு என்ன நேர்ந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். இதை அதிகம் பேர் சொல்வதில்லை. 1669இல் அவரை ஈக்ரிங் என்ற ஊருக்கு மாற்றினார்கள். கொள்ளைநோய் ஊரிலிருந்து வருகிறவர் என்று அந்த ஜனங்கள் பயந்து, அவரை ஊருக்குள் விடவில்லை. பயம் தீரும்வரை ஊருக்கு வெளியே, ரஃபோர்டு பூங்காவில் ஒரு குடிசையில் தங்கியிருந்தார் என்று சொல்லுகிறார்கள். நோய் நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது!

2020 ஜூலை மாதத்தில் நம்முடைய செவிலியப் பிள்ளைகள் இரண்டுபேர், இரவு டியூட்டி முடிந்து வாடகை வீட்டுக்குப் போனார்கள். அவர்களுடைய பெட்டிகள் தெருவில் இருந்தன. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கே திரும்பி வந்தார்கள். நீங்கள் அனுப்பிய பணத்தில் பழைய பண்டகசாலையை வெள்ளையடித்துக் கட்டில் போட்டோமே, அதில்தான் அந்தப் பிள்ளைகள் பதினொரு மாதம் தங்கினார்கள்.