எல்லாம் தெரியும் என்பதே தடை
(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



அறியாமை மனிதனைத் தடுக்கும். 'எனக்கு எல்லாம் தெரியும்' என்ற நினைப்போ அதைவிட அதிகமாகத் தடுக்கும். தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரின் வாழ்க்கை இதற்குச் சான்று.

1880-ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் அவர் தமிழாசிரியராகச் சேர்ந்த புதிது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்ற பெருமை வேறு. அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று ஐயர் அடுக்கினார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்றார். ஐயர் படித்ததில்லை.

'தமிழ் கற்ற எனக்கு ஒரு முன்சீப் சொல்வதா?' என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. மறுபடியும் போய்ச் சிந்தாமணிப் பிரதியை வாங்கி வந்தார்.

அடுத்த தடை பெரியது. சிந்தாமணி சமணக் காப்பியம். ஐயர் சைவ மடத்தில் பயின்றவர். பழைய உரை கையில் இருந்தும் பல இடங்கள் விளங்கவில்லை. தம் சமயக் கண்ணாலேயே ஊகித்து எழுதிவிடாமல், கும்பகோணத்துச் சமணர்களின் வீட்டுக்கே போய்க் கேட்டார். கல்லூரி ஆசிரியர் அங்கே மாணவரானார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் தொடர்ந்தன.

இனி நம்மைப் பார்ப்போம். 'தோட்டத்துப் பையன்தானே, எங்கே படிக்கப் போகிறான்' என்கிறோம். அவன் தேர்வில் தவறினால், 'அப்போதே சொன்னேனே' என்கிறோம். தேறினால், 'ஏதோ அதிர்ஷ்டம்' என்கிறோம். எது நடந்தாலும் நம் எண்ணம் மட்டும் மாறுவதில்லை. அப்படியானால் அது அனுபவத்தில் விளைந்த கருத்தல்ல. முன்கூட்டியே எழுதி வைத்த தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைப் பத்து வயதில் கேட்கும் பிள்ளை, அதை உண்மையென்றே நம்பிவிடுகிறான். நட்டம் நமக்கல்ல, அவனுக்கு.

ஒருவரைப் பற்றி முடிவு கட்டுமுன் இரண்டு காரியம் செய்வோம். 'எதைக் கண்டால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன்?' என்று நம்மையே கேட்போம். பிறகு, ஐயர் சமணர்களிடம் போனதுபோல், சம்பந்தப்பட்டவரிடமே போய்க் கேட்போம்.

கேட்பதால் யாரும் சிறுமைப்படுவதில்லை. கேட்கப் போன ஒருவரால்தான் மறைந்துகிடந்த பழந்தமிழ் நூல்கள் பல நம் கைக்கு வந்து சேர்ந்தன.