சுவிட்சுக்குப் போகும் கை

மும்முரமாக டைப் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடுகிறது. மவுஸை ஆட்டினாலும் அம்பு அசையவில்லை. உடனே கை எங்கே போகிறது? சுவர் சுவிட்சுக்கு!

கொஞ்சம் பொறுங்கள். முதலில் நாடி பார்ப்போம். கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் இன்னும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு நிமிஷம் விட்டுப்பிடியுங்கள்.

அப்புறம் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஐபிஎம் பொறியாளர் டேவிட் பிராட்லி கண்டுபிடித்த கூட்டணி இது. கை தவறிப் பட்டுவிடக் கூடாது என்றுதான் தள்ளித் தள்ளி இருக்கிற சாவிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். விண்டோஸில் இப்போது வருகிற திரையில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அடம்பிடிக்கிற புரோகிராமை மட்டும் மூடலாம். இல்லையென்றால் அந்தத் திரையின் மூலையிலேயே ரீஸ்டார்ட் இருக்கிறது.

எதற்கும் மசியவில்லையா? பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். இது கடைசி வழிதான். சேமிக்காத வேலை போய்விடும். டிஸ்கில் எழுதிக்கொண்டிருந்த கோப்பும் கெடலாம். அரை நிமிஷம் கழித்து மறுபடி போடுங்கள்.

ஒரு பேரன் பதறிப்போய்ச் சொன்னான்: "தாத்தா, கம்ப்யூட்டர் உறைஞ்சுபோச்சு!"

தாத்தா நிதானமாகச் சொன்னார்: "அந்த ஏ.சி.யை முதல்ல நிறுத்துடா!"