ஒரே தெருவில் முதியோரும் இளையோரும்



காஞ்சி மாநகருக்குத் தென்மேற்கே, வேகவதி ஆற்றையொட்டி, திருப்பருத்திக்குன்றம் என்னும் சிற்றூர் இருக்கிறது. சமணக் காஞ்சி என்று வரலாற்று நூல்கள் குறிப்பது இவ்வூரையே. இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விசயநகர அமைச்சர் இருகப்பர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பினார். அதன் விதானத்து ஓவியங்களைக் காண அறிஞர் பலர் வருவதுண்டு. ஆயினும் நான் இன்று ஓவியத்தைப் பற்றிப் பேச வரவில்லை. கோயிலை விட்டு வெளியே வந்து நெசவாளர் வாழும் தெருவில் நிற்கும்போது நம் உள்ளத்தில் எழும் ஒரு கேள்வியைப் பற்றியே பேச எண்ணுகிறேன். நகரங்களில் வீடு கட்டத் திட்டமிடுகிறோமே, அங்கு முதியோருக்கு எவ்விடம்? வேலை தேடி வரும் இளையோருக்கு எவ்விடம்?

பழைய நெசவாளர் வீட்டுக்கு இக்கேள்வியே தெரியாது. தெருவோரம் திண்ணை, உள்ளே வெளிச்சம் விழும் இடத்தில் தறி, அதற்கு அப்பால் சமையலும் படுக்கையும். பெரும்பாலும் அது குழித்தறி. தரையைத் தோண்டிய குழிக்குள் காலை விட்டு அமர்ந்து மிதிப்பார்கள். காஞ்சிப் பட்டின் பெருமைகளுள் ஒன்று கோர்வை. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்து, இரண்டையும் இழைக்கு இழை பிணைப்பது அது. அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும், ஒருவரால் ஆகாது. நெய்பவர் நடுவில் அமர, ஒரு பக்கத்துக் கரைநாடாவை எறிய உடன் ஒருவர் உட்கார வேண்டும். தந்தைக்கு மகன் துணை, மாமியாருக்கு மருமகள் துணை. இராட்டையில் ஊடை நூல் சுற்றுவது பாட்டியின் வேலை. விடியற்காலையில் பாவை விரிக்க நீண்ட நேரான தெருவே களம். வீடு, தொழிற்கூடம், முதியோர் இல்லம், பயிற்சிப் பள்ளி எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. அந்த வாழ்வில் வறுமையும் இருந்தது, நெருக்கடியும் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் முதுமையில் ஒருவர் வேண்டாதவராகிப் போகும் நிலை அங்கு அரிது.

இந்த அமைப்பு நம் கண்முன் குலைந்துகொண்டிருக்கிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கங்களில் ஆலைகள் பெருகின. காஞ்சியின் இளைஞன் முறை வேலைக்கு ஆலைப் பேருந்தில் ஏறிவிட்டான். அவனைக் குறை கூற இயலாது. மாதந்தோறும் தவறாது வரும் ஊதியத்தின் அருமை, கூலிக்காகக் காத்திருந்தவனுக்கே தெரியும். வீட்டில் கரைநாடா எறிய ஆள் இல்லை. தறி பாதி நாள் ஓய்ந்து கிடக்கிறது. ஓர் அறை வெறுமையாகிறது.

அதே வேளையில் தொலைதூர மாவட்டங்களிலிருந்து இந்த ஆலைகளுக்கு வரும் இளம்பெண்கள் இடமின்றி நெருக்குண்டு வாழ்ந்தனர். 2021 டிசம்பரில் ஒரு விடுதி உணவால் பலர் நோயுற்றதும், ஆயிரக்கணக்கானோர் நெடுஞ்சாலையில் அமர்ந்து நீதி கேட்டதும் நினைவிருக்கலாம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைத் தமிழக அரசு திறந்தது. பதின்மூன்று கட்டடங்கள்; ஒவ்வொன்றிலும் 240 அறைகள்; அறைக்கு ஆறு பேர். முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றமே. ஆயினும் ஓர் ஊரின் மக்கள்தொகை அளவுக்குப் பெண்கள் வாழும் அவ்விடத்தில் ஒரு பாட்டி இல்லை, ஒரு குழந்தை இல்லை. அதை ஊர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மறுபுறம், வேகவதிக் கரையில் வாழ்ந்த குடும்பங்களுக்காகக் கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்குமாடி வீடுகள் எழும்பின. வெள்ளத்திலிருந்து காக்க வேண்டியது கடமைதான். ஆனால் மாடியில் தறிக்குழி தோண்ட முடியுமா? முழங்கால் தேய்ந்த மூதாட்டி மூன்று மாடி ஏறுவாளா? வீடு கொடுத்தோம் என்று கணக்கெழுதும்போது இவ்விரண்டையும் கேட்க வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். அந்த விகிதம் ஏறிக்கொண்டே போகிறது.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் அன்று. நெதர்லாந்தின் தெவெந்தர் நகரில் ஒரு முதியோர் இல்லம், மாணவர்களுக்கு வாடகையின்றி அறை தருகிறது. அவர்கள் மாதம் முப்பது மணி நேரம் முதியோரோடு கழித்தால் போதும். சிங்கப்பூரில் பெற்றோருக்கு அருகே வீடு வாங்கும் பிள்ளைகளுக்கு 2015 முதல் அரசு தனி மானியம் அளிக்கிறது. அங்கே கம்போங் அட்மிரல்டி என்னும் கட்டடத்தில் முதியோர் வீடுகள், குழந்தைகள் காப்பகம், மருத்துவ நிலையம், உணவகம் யாவும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன.

காஞ்சிக்கு இவற்றை அப்படியே பெயர்த்துக் கொண்டுவர முடியாது, வேண்டியதும் இல்லை. தரைத்தளம் முதியோருக்கும் தறிக்கும். மேல்தளங்கள் வாடகைக்கு வரும் இளந்தொழிலாளருக்கும் இளங்குடும்பங்களுக்கும். முன்னால் பாவு விரிக்கும் அளவுக்கு நீண்ட தெரு. முறை முடிந்து நள்ளிரவில் திரும்பும் பெண்ணுக்கு விளக்கெரியும் திண்ணை. அங்கே யாரேனும் விழித்திருப்பார்கள். வாடகைப் பணம் முதியவருக்கு ஓய்வூதியம் போல் உதவும். புதுத் தெருக்களை இவ்வாறு அமைக்கலாம். பழைய தெருக்களில் வெற்றறை உள்ள வீடுகளைச் செப்பனிடக் கடன் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவை வலுவானவையும்கூட. இரவு முறை முடித்தவன் பகலில் உறங்க வேண்டும். கீழே தறியோ ஓயாமல் ஒலிக்கும். ஆகவே படுக்கை அறைகள் வீட்டின் பின்பக்கம் அமைதல் வேண்டும். சுவர் கனக்கும், செலவு கூடும். குடியேறியவர் வீட்டையே பிடித்துக்கொள்வாரோ என்று முதியவர் அஞ்சுவார். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. ஆனால் அதை எழுதிப் பதிவு செய்து தர அந்த முதியவருக்கு ஒருவர் துணை வேண்டும். சாதி கேட்டு அறை மறுக்கும் வழக்கமோ எல்லாவற்றினும் கொடியது. எந்தப் பொறியாளரின் வரைபடமும் அதைத் தீர்க்காது. அரசு கடன் கொடுக்கும்போதே, அறை யாவர்க்கும் பொது என்று நிபந்தனை விதிக்கலாம். அதை மீறினால் கடனைத் திரும்பப் பெறலாம்.

மாணவ நண்பர்களே, வரும் விடுமுறையில் நீங்கள் வாழும் தெருவில் ஒரு கணக்கெடுத்துப் பாருங்கள். முதியோர் மட்டுமே வாழும் வீடுகள் எத்தனை? ஓரறையில் நால்வர் ஐவராக இளைஞர் தங்கியிருக்கும் இடங்கள் எத்தனை? இரண்டுக்கும் இடையே எத்தனை அடி தூரம்? அந்த மூன்று எண்களையும் எழுதி உங்கள் மாநகராட்சி உறுப்பினரிடமோ ஊராட்சித் தலைவரிடமோ கொடுத்துவிட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு வாருங்கள்.