விரால், சுங்கான், வாளை ஒரே குளத்தில் இருக்குமா?

(தோட்டக் குடும்பங்களின் வீட்டுத்தோட்டக் கூட்டமொன்றில் மட்டக்களப்பிலிருந்து வந்தவர் ஆற்றிய உரை)



பருப்பும் கருவாடும் தின்று பிள்ளைகள் அலுத்துப் போச்சுதுகள், லயத்துக்குக் கீழே ஒரு குளம் வெட்டி மீன் வளர்க்கலாமா என்று கேட்டீங்க. தாராளமாக வளர்க்கலாம். எங்கட மட்டக்களப்பு மீன்களை எல்லாம் ஒன்றாக விடலாமா என்றும் கேட்டீங்க. அதற்குத்தான் யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். சீட்டுக் காசைப் போட்டு நூறு குஞ்சு விட்டு, கடைசியில் கொழுத்த மீன் நாலு மாத்திரம் மிஞ்சினால் அந்த நட்டத்தை யார் தருவார்?

முதலில் எங்கட ஊரைப் பாருங்க. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கடலோடு சேரும் இடத்தில் உப்புத் தண்ணீர். மேற்கே படுவான்கரை வயல்களும் உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களும் நல்ல தண்ணீர். அந்த நல்ல தண்ணீரில் விரால், சுங்கான், பனையேறி, வாளை, விலாங்கு எல்லாம் வாழுது. விராலைச் சிங்களத்தில் லூலா என்றும், சுங்கானை ஹுங்கா என்றும் சொல்லக் கேட்டிருப்பீங்க. எல்லாமே இரை பிடித்துத் தின்கிற சாதி. மறுகா எப்படி ஒன்றாக வாழுது?

மூன்று காரணம் உண்டு. மாரி வெள்ளத்தில் தண்ணீர் பரவினால் சின்ன மீன், கூனி இறால், தவளைக் குஞ்சு எல்லாம் பெருகும், இரைக்குப் பஞ்சமில்லை. இது ஒன்று. ஒளிக்கப் புல், அல்லி, மரவேர் இருக்கிறது. இது இரண்டு. இடமும் நேரமும் வேறு வேறு. விரால் புல்லுக்குள் பதுங்கிப் பாயும். சுங்கான் இரவில் அடிச்சேற்றைத் துழாவும். வாளையும் இரவில்தான் வேட்டைக்கு வரும். இது மூன்று.

வெயில் காலத்தில் தண்ணீர் வற்றி மடுவாகச் சுருங்கினால் இந்த மூன்றும் இல்லாமல் போகும். விராலும் சுங்கானும் பனையேறியும் மேலே வந்து காற்றுக் குடிக்கிறபடியால் அந்தக் கலங்கல் தண்ணீரிலும் உயிரோடு இருக்கும். ஆனால் பெரியது சின்னதைத் தின்னத் தொடங்கிவிடும். நாம் வெட்டுகிற குளமும் வற்றிய மடு மாதிரித்தான். இதை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

வாயைப் பார்த்து மீன் விடுங்க. ஒன்றின் வாய்க்குள் போகக்கூடிய மீனை அதனோடு விடக்கூடாது. விரால் தன் இனத்தையே தின்னும். எல்லாம் ஒரே அளவுக் குஞ்சாக இருக்கட்டும். குஞ்சுப் பருவத்தில் இரண்டு கிழமைக்கு ஒருதரம் வலைபோட்டு, முந்தி வளர்ந்ததைப் பிரித்தெடுங்க. கொடுவா வளர்ப்பவர்களும் இப்படித்தான் அளவு பிரிப்பார்கள். கொடுவாக் குஞ்சு தன்னில் பாதி நீளமுள்ள குஞ்சையும் விழுங்கிவிடும். வாளை ஒரு மீற்றருக்கு மேலும் வளரும், வாயும் பெரிது. சின்னக் குளத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

வீட்டுக் குளத்துக்கு நல்ல சோடி திலாப்பியாவும் விராலும்தான். திலாப்பியா ஓயாமல் குஞ்சு பொரிக்கும். குளம் நிறைந்து எல்லாம் விரல் அளவிலேயே நின்றுவிடும். ஒரு சாண் திலாப்பியாவோடு விரல் நீள விரால் கொஞ்சம் விட்டால், விரால் குஞ்சுகளைத் தின்னும். தாய் மீனைத் தின்ன முடியாது. உங்களுக்கு இரண்டு மீனும் கிடைக்கும். விரால் பெருத்ததும் பிந்தாமல் பிடித்துவிடுங்க. ஒளிக்க உடைந்த பானை, குழாய்த் துண்டு போடுங்க.

மழை இரவில் விரால் துள்ளி வெளியே ஊர்ந்து போகும். சுற்றிவர வலை அடியுங்க. அந்த வேலி சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் விழாமலும் காக்கும். சுங்கானை வெறுங்கையால் பிடிக்காதீங்க. பக்க முள்ளில் விஷம். குத்தினால் தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் கையை வைத்திருந்து, தோட்ட வைத்தியசாலைக்குப் போங்க.

நுவரெலியா போன்ற குளிர் உயரத்தில் இந்த மீன்கள் சரியாக வளராது. தாழ்ந்த தோட்டங்களுக்கே பொருந்தும். மருந்து அடிக்கிற மலையிலிருந்து வடியும் கான் தண்ணீர் குளத்துக்குள் வரக்கூடாது. நிலம் தோட்டத்துடையது, ஆகவே வெட்டுமுன் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்க. வாய்ப்பேச்சை நம்பி வெட்டின குளத்தை நாளைக்கு மூடச் சொன்னால் உங்கள் கையில் ஒன்றும் இராது. எந்தக் குஞ்சு கிடைக்கும் என்று நக்டா என்கிற நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையின் உத்தியோகத்தரிடம் கேளுங்க.

கடைசியாக ஒன்று. அலங்கார மீன் கடையில் வாங்குகிற வெளிநாட்டு மீனைக் குளத்திலோ ஆற்றிலோ விடாதீங்க. வெளிநாட்டு இராட்சத விரால் தெதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் பரவியிருப்பது 2025இல் பெரிய செய்தியானது. ஒருவர் விட்ட மீன், ஆயிரம் மீனவர் சோற்றில் கைவைக்கும்.

அளவு பார்த்து விட்டு, பசி தெரியாமல் தீனி போட்டால், கடிக்கிற மீனும் ஒன்றாக இருக்கும். உங்கள் பிள்ளைகளின் கோப்பையிலும் மீன் இருக்கும்.