வலிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்

(குத்துக்கல்வலசையில் நடந்த நமது கூட்டமைப்பின் கூட்டத்தில், பீடித் தொழிலாளி குடும்பத்தில் பிறந்து பல் மருத்துவம் படித்த சகோதரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



முதல்ல ஒரு கேள்வி. வலி இல்லாதப்ப பல் டாக்டர்கிட்ட போனவங்க யாராவது இருக்கீங்களா? கையைத் தூக்குங்க பார்ப்போம். ஒருத்தரும் இல்லை. பரவாயில்லை, எங்க வீட்டிலயும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தால் எங்க வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எங்க ஆச்சி ஐம்பது வருஷம் பீடி சுற்றியவள். ஒரு நாள் கடைவாய்ப் பல் வலிச்சது. யாரோ சொன்னாங்கன்னு தட்டில் இருந்த தூளில் ஒரு சிட்டிகை எடுத்து அந்தப் பல்லுக்குப் பக்கத்தில் அதக்கினாள். வலி கொஞ்சம் மரத்துப் போச்சு. மறுநாளும் வச்சாள். பல் வலி போன பிறகும் தூள் போகவில்லை. அதுவே பழக்கமாயிட்டு.

கன்னத்துக்குள்ளே ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. வலிக்கவில்லை, அதனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் காரம் சாப்பிட்டால் எரிந்தது, குழம்பில் மிளகாயைக் குறைத்துக்கொண்டாள். கடைசியில் புண்ணாகி வலி வந்தபோது வாயையே சரியாகத் திறக்க முடியவில்லை. பரிசோதனையில் புற்றுநோய் என்றார்கள். அறுவை சிகிச்சை செய்தும் ஒன்றரை வருஷம்தான் இருந்தாள்.

அப்போது நான் பல் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. அந்த ஆண்டில்தான் மாணவர்களை நோயாளிகளிடம் விடுவார்கள். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: "பல்லைப் பார்க்கும் முன்னால் உதடு, கன்னம், நாக்கு, அண்ணம், ஈறு எல்லாவற்றையும் பார்." தினமும் எத்தனையோ பேருடைய வாயை அப்படிப் பார்த்தேன். லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது ஆச்சி மடியில் தலை வைத்துப் படுத்தேன், அவள் வாயை மட்டும் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்குச் சாகிற வரை போகாது. அதனால்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்த அந்தப் பாடத்தை உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

வாயில் வருகிற பெரிய நோய்கள் மூன்று. மூன்றுமே ஆரம்பத்தில் வலிக்காது.

முதலாவது பல் சொத்தை. அரைத்து வைத்த மாவு எப்படிப் புளிக்கிறதோ, அதே மாதிரி பல்லில் ஒட்டிய இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் கிருமிகள் புளிக்க வைக்கின்றன. அந்தப் புளிப்பு பல்லைக் கரைக்கிறது. பல்லின் மேல் ஓட்டில் நரம்பு கிடையாது. அதனால் ஓட்டை விழுவது நமக்குத் தெரியாது. கறுப்புப் புள்ளியாக இருக்கும்போதே போனால் சுத்தம் செய்து அடைத்துவிடுவார்கள். நரம்பு வரை போய்விட்டால் வேர் சிகிச்சை, இல்லையென்றால் பல்லைப் பிடுங்க வேண்டும். உள்கடனில் ஒரு தவணையைத் தள்ளிப் போட்டால் வட்டி ஏறுகிற கதைதான்.

பிள்ளைகளுக்கு ஆறு வயதில், பால் பற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அது பால் பல் இல்லை. போனால் திரும்ப முளைக்காது.

இரண்டாவது ஈறு நோய். பல்லில் படியும் அழுக்கு நாளாக ஆக இறுகிக் காறையாகிவிடும். ஈறு வீங்கும், தேய்க்கும்போது ரத்தம் வரும். ரத்தம் வருகிறதென்று தேய்க்காமல் விட்டால் நோய் கூடும். பல்லைத் தாங்குகிற எலும்பு கரைந்து, சொத்தையே இல்லாத பல்கூட ஆட ஆரம்பிக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது சீக்கிரம் முற்றும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம். மாசமா இருக்கிற பெண்களுக்கும் ஈறு வீங்கி ரத்தம் வரலாம். "மாசமா இருக்கும்போது பல் வைத்தியம் பார்க்கக்கூடாது" என்பது தவறு. மாசமாக இருப்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தாராளமாகப் பார்க்கலாம்.

இந்த இரண்டுக்கும் பாதுகாப்பு நம் கையில் இருக்கிறது. செங்கல் பொடியும் கரியும் பல்லைத் தேய்த்துவிடும், வேண்டாம். ஃபுளோரைடு உள்ள பற்பசையால் காலையில் ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை தேய்க்க வேண்டும். தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும் என்பதால் ராத்திரி தேய்ப்பதை விடவே கூடாது.

மூன்றாவது, எங்க ஆச்சிக்கு வந்த வாய்ப் புற்றுநோய். புகையிலையும், மதுவும், பாக்கும் இதற்குக் காரணம். "நான் போயிலை போட மாட்டேன், வெறும் பாக்குதான்" என்று சொல்கிறவர்கள் உண்டு. பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் எப்போதோ அறிவித்துவிட்டது. பாக்கு மெல்ல மெல்லக் கன்னத்துச் சதை கயிறு மாதிரி இறுகி, வாய் திறப்பதும் குறைந்துகொண்டே போகும்.

"டாக்டர்தானே இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியும்?" என்று நினைப்பீர்கள். நம்ம செங்கோட்டை மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் மாவட்டத்தில், மண்டலப் புற்றுநோய் மையம் ஒரு ஆய்வு செய்தது. 1996-ல் தொடங்கி, டாக்டர் இல்லாத சாதாரண சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பி, 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயை வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னார்கள். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் அனுப்பினார்கள். 2005-ல் முடிவு வெளிவந்தது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு, அப்படிப் பார்க்காத பகுதிகளைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சீக்கிரம் பார்த்ததால் பிழைத்தார்கள்.

நம்ம வாயை நாமே எப்படிப் பார்ப்பது? பல் செட்டு இருந்தால் கழற்றிவிடுங்கள். கையைக் கழுவி, வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். உதட்டை மடித்துப் பாருங்கள். விரலால் இரண்டு கன்னத்தையும் இழுத்துப் பாருங்கள். நாக்கை நீட்டி, இரண்டு ஓரமும் பாருங்கள். நாக்கைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். அண்ணாந்து மேல் அண்ணத்தைப் பாருங்கள். கடைசியாக உங்கள் மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே நுழைகிறதா பாருங்கள்.

துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், கட்டி, கழுத்தில் வீக்கம், காரம் பட்டால் எரிச்சல், மூன்று விரல் நுழையாத வாய் - இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். எல்லாமே புற்றுநோய் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் நாமே "ஒண்ணுமில்லை" என்று முடிவு கட்டவும் வேண்டாம். உடைந்த பல் நாக்கை உரசிக்கொண்டே இருந்தால் அதையும் சரிசெய்யுங்கள்.

30 வயது ஆனவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு வாயையும் பார்க்க வேண்டும் என்பது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. "என் வாயையும் பாருங்க" என்று வாய் விட்டுக் கேளுங்கள். புற்றுநோய் என்று தெரிந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக்கு உதவும். புகையிலையை விட நினைக்கிறவர்கள் 1800-11-2356 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

பீடி சுற்றுவதை விடுங்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்தக் காசில்தான் நான் படித்தேன். ஆனால் தட்டில் இருக்கிற தூள் வாய்க்குப் போகக்கூடாது. பல் வலிக்கு அது மருந்தே இல்லை. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு தடவை, குழுக் கூட்டம் நடக்கிற அன்று காலையில் வாயைப் பார்த்துவிட்டு வாருங்கள். சேமிப்பு, தவணை கேட்டு முடித்ததும் ஊக்குநர் அக்கா "எல்லாரும் வாயைப் பார்த்தாச்சா?" என்று கேட்கட்டும். யாராவது "ஒரு திட்டு இருக்கு" என்று சொன்னால், அவளைத் தனியா விடாமல் ஒருத்தி கூடப் போங்கள். ஒரு நாள் பீடிக் கூலி போகும். உங்கள் வீட்டு ஆச்சி பிழைப்பாள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதலில் வீட்டுப் பெரியவங்களை வெளிச்சத்தில் உட்கார வைத்து, "ஆ" காட்டச் சொல்லுங்கள். நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள்.