அப்பீல் போட்டாச்சு என்று அயர்ந்து விடாதீங்க



மிளகுக் கொடியை மரத்தடியில் நட்டுவிட்டு, இரண்டு வருஷம் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் காய் கிடைக்குமா? கோர்ட்டில் போட்ட அப்பீலும் அப்படித்தாங்க. போட்டால் மட்டும் போதாது. தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். தோட்டத்து வரப்புத் தாவாவில் முன்சீப் கோர்ட்டில் உங்களுக்குப் பாதகமாகத் தீர்ப்பு ஆகிறது. சப் கோர்ட்டில் அப்பீல் போட்டு, தடை உத்தரவும் வாங்குகிறீர்கள். வாய்தா மேல் வாய்தா. எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய்வர ஒரு நாள் கூலி போகிறது. சாமை அறுப்பு வேறு காத்திருக்கிறது. "வக்கீல் பார்த்துக்குவார்" என்று இருந்து விடுகிறீர்கள். உங்களிடமிருந்து தகவலே இல்லாததால், வக்கீலும் ஒரு நாள் ஒதுங்கிக் கொள்கிறார்.

பிறகு விசாரணைக்குக் கூப்பிடும்போது உங்கள் பக்கம் யாரும் இல்லையென்றால், அப்பீலைத் தள்ளுபடி செய்யக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. சிவில் நடைமுறைச் சட்டம் 41-வது கட்டளை, 17-வது விதி அது. தள்ளுபடியானால் தடை உத்தரவும் போகும். கீழ்க்கோர்ட் தீர்ப்பே நிற்கும். எதிராளி அதை நிறைவேற்ற மனுப் போட்டு, அமீனாவோடு தோட்டத்துக்கு வரலாம்.

வழியே இல்லையா? இருக்கிறது. 19-வது விதிப்படி, வர முடியாமல் போனதற்குத் தக்க காரணம் காட்டி, தள்ளுபடியான நாளிலிருந்து 30 நாளுக்குள் மனுப் போட்டால் அப்பீலைத் திரும்ப எடுத்துக் கொள்ளலாம். நாள் தவறினால் தாமதத்தை மன்னிக்கும்படி தனி மனுப் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்தால் அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

1981-ல் ரபீக் எதிர் முன்ஷிலால் என்ற வழக்கில், வக்கீல் வராததால் கட்சிக்காரரின் அப்பீல் போய்விட்டது. உச்ச நீதிமன்றம் அதைத் திரும்ப விசாரிக்கச் சொன்னது. வக்கீலை அமர்த்திவிட்டு நம்பி இருக்கும் கிராமத்து மனிதர், வக்கீல் செய்த தவறுக்காகத் தண்டனை அடையக் கூடாது என்பது நீதிபதி டி. ஏ. தேசாய் சொன்ன கருத்து. ஆனால் இதை நம்பி அயர்ந்து விடாதீர்கள். கட்சிக்காரரும் அக்கறையாக இருந்தாரா என்று பிந்திய தீர்ப்புகள் பார்த்திருக்கின்றன.

இன்னொன்று. அப்பீல் நடக்கும்போது அப்பீல் போட்டவரோ எதிராளியோ இறந்துவிட்டால், 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும். இல்லையென்றால் இறந்தவரைப் பொறுத்தவரை அப்பீல் அற்றுப் போகும். அதை நீக்கக் கேட்பதற்கு மேலும் 60 நாள் உண்டு. கருமாதி முடிந்த கையோடு வக்கீலுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

செய்ய வேண்டியவை இவைதான்:

1. அப்பீல் நெம்பர், கோர்ட்டின் பெயர், அடுத்த வாய்தாத் தேதி மூன்றையும் நோட்டில் எழுதி, பட்டா சிட்டாவோடு வையுங்கள். வழக்குக்கு 16 எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு உண்டு. அதை வைத்துப் படித்த பிள்ளைகள் கைப்பேசியிலேயே வாய்தாத் தேதி பார்த்துச் சொல்வார்கள்.

2. ஒவ்வொரு வாய்தாவுக்கும் முன்பு வக்கீலிடமோ குமாஸ்தாவிடமோ பேசுங்கள். ஊர் மாறினால் புது விலாசம் கொடுங்கள். வக்கீல் காலமானால் உடனே வேறு வக்கீலுக்கு வக்காலத்து கொடுங்கள்.

3. பணமில்லை என்று விட்டு விடாதீர்கள். 1987-ம் வருஷச் சட்டப்படி, பழங்குடி மக்களுக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. நாமக்கல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்குப் போனும் செய்யலாம்.

4. அண்ணன் தம்பித் தகராறாக இருந்தால் லோக் அதாலத்தில் பேசி முடிக்கப் பாருங்கள். கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த முடிவின் மேல் அப்பீல் கிடையாது. யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள்.

ஒரு நாள் கூலியைப் பார்த்து, பாட்டன் காட்டை விட்டு விடாதீங்க. இன்று ராத்திரியே அந்தக் கட்டை எடுத்து, அடுத்த வாய்தா என்றைக்கு என்று பாருங்கள்.