பூநாரைகள் வரும் காலம்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு மேடையில் கட்டடங்களையும் பெறுபேறுகளையும் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். 1982ஆம் ஆண்டு உயர்தர உயிரியல் வகுப்பினராகிய நாங்கள், கல்லூரி மதிலுக்கு வெளியே கற்றதைச் சொல்ல வந்திருக்கிறோம்.

காட்டுயிர் பார்க்க யாலவுக்கோ வில்பத்துக்கோ போகவேண்டும் என்பார்கள். எங்கள் விலங்கியல் ஆசிரியை அதை ஏற்கவில்லை. அவ்வாண்டு தைப்பொங்கல் கழிந்த கிழமை, இ.போ.ச. பஸ் ஒன்றில் எங்களைச் சுண்டிக்குளத்துக்கு அழைத்துச் சென்றார். 1938 முதல் பறவைகள் சரணாலயமாக இருக்கும் இடம் அது. ஒரு புறம் பெருங்கடல், மறு புறம் கடல்நீரேரி, நடுவே ஒடுங்கிய மணல்திட்டி. வாடைக்காற்றில் தாவணியைப் பிடிப்பதா கொப்பியைப் பிடிப்பதா என்று தெரியாமல் நின்றோம்.

தூரத்தில் நீரின்மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. "சத்தம் போடாமல் நில்லுங்கோ பிள்ளையள்" என்றார் ஆசிரியை. கோடு அசைந்தது. அத்தனையும் பூநாரைகள். காலால் சேற்றைக் கிளறி, தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீருக்குள் வைத்து வடிகட்டி உண்கின்றன என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தோம். அன்று கண்ணால் கண்டோம். உண்ணும் சிற்றுயிர்களிலும் பாசிகளிலும் உள்ள நிறப்பொருளே இறகுக்கு அந்த நிறத்தைக் கொடுக்கிறது என்று ஆசிரியை விளக்கினார். "அப்ப நாங்கள் பிட்டுச் சாப்பிட்டு வெள்ளையாகவில்லையே ரீச்சர்" என்று ஒருத்தி கேட்க, அவரே முதலில் சிரித்துவிட்டார்.

அடுத்த பயணம் நெடுந்தீவுக்கு. குறிகட்டுவானில் வள்ளம் ஏறினோம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அங்கே கட்டாக்காலியாகத் திரிகின்றன. கோடையில் நீர்நிலைகள் வற்றும்போது அவை படும் பாடு பெரிது. வெடித்த சேற்றை முன்னங்காலால் தட்டியபடி ஒரு பெண்குதிரை நின்றது. அதன் நிழலில் குட்டி ஒதுங்கி நின்றது. திரும்பும் வழியில் எவரும் பாட்டுப் பாடவில்லை.

பின்னர் நடந்ததை இந்த மண்டபத்தில் விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1993இல் எங்களில் நால்வர், பிள்ளைகளோடு கிளாலி நீரேரியை இரவில் கடந்தோம். பாதை வேறு இல்லாத காலம். ஒன்றோடொன்று கயிற்றால் கட்டிய வள்ளங்கள், விளக்கு இல்லை, பேச்சு இல்லை. நடு ஏரியில் தலைக்கு மேலே ஏதோ இரைச்சல் கேட்டது. பிள்ளைகளை மடிக்குள் அமுக்கிக்கொண்டு குனிந்தோம். ஓட்டி மெதுவாகச் சொன்னார்: "பயப்படாதேங்கோ, அது பூநாரை."

வாத்துப்போலக் குரல் கொடுத்தபடி அவை இருட்டில் கடந்து போயின. கரை சேரும்வரை எங்களைத் தாங்கியது அந்தக் குரல்தான். எங்களுக்கு அஞ்சவேண்டியிருந்த அதே நீர்வெளி, அவற்றுக்கு அப்போதும் வீடாகவே இருந்தது.

யுத்தம் முடிந்தபின், கனடாவிலும் இலண்டனிலும் இருந்து வந்த வகுப்புத் தோழிகளுடன் மருதங்கேணி வழியாக மீண்டும் சுண்டிக்குளம் போனோம். வழியில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள். கூரையற்ற வீடுகள். எங்களைக் கூட்டிச் சென்ற ஆசிரியை அப்போது உயிருடன் இல்லை. நீரேரியில் பூநாரைகள் நின்றன. 1982இல் கண்ட அளவு கூட்டமா என்று எங்களுக்குள் வாதம் நடந்தது. எண்ணி எழுதிவைத்த குறிப்பு எவரிடமும் இல்லாததால் வாதம் முடியவில்லை.

அதனால்தான் இந்த விழாவில் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. ஆனாலும் பலகை நட்டால் மட்டும் பறவை தங்காது. நீர் கெடாமல் இருக்கவேண்டும், பொலித்தீன் சேராமல் இருக்கவேண்டும், பார்த்து எழுத ஆள் இருக்கவேண்டும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் தை மாதத்தில் நடைபெறுகிறது. அதே மாதத்தில் உயர்தர உயிரியல் மாணவிகளை நீரேரிக்கு அழைத்துச் செல்லும் செலவை எங்கள் வகுப்பு ஏற்கிறது. இரண்டு தொலைநோக்கிகளையும் தடித்த அட்டைக் குறிப்பேடு ஒன்றையும் அதிபர் அவர்களிடம் இன்று கையளிக்கிறோம்.

தங்கைகளே, முதற்பக்கத்தில் எங்கள் ஆசிரியையின் பெயரை எழுதியிருக்கிறோம். இரண்டாம் பக்கம் உங்களுடையது. திகதி, இடம், பறவை, எண்ணிக்கை ஆகிய நான்கும் போதும். இன்னும் நாற்பது ஆண்டுகளில் இதே மேடையில் நிற்கப்போகிறவர்கள் எங்களைப்போல் வாதம் செய்யாமல் அதைப் புரட்டிப் பார்க்கட்டும்.